ஐந்தாவது வரைவு

இரவுப் பணி முடிந்தும்
காட் மீனின் குளிர் விரலைவிட்டுப் போகவில்லை.
கிரிம்ஸ்பி ஊரில் ஒரு சலவைக்கடை.
இயந்திரத்தில் பையனின் பள்ளிச் சட்டை சுழல,
மடியில் அகராதியை விரித்து
நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறாள்
டார்கஸ் வாட்ஸ்லி.
அகராதி தருமக்கடையில் ஐம்பது பென்ஸ்.
அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை.
பாக்கி பதினொரு வார வாடகை.

முதலில் 'பெக்' என்று எழுதினாள்.
பிஸ்கட்டுக்காகப் பின்காலில் நிற்கும்
நாய் செய்வதும் அதுதான்.
மேட்டுக்குடியினர் 'நான் ஒப்பவில்லை' என்பதற்கும்
அந்தச் சொல்லையே முன்னால் போட்டுக்கொள்வார்கள்.
அவர்கள் வாயில் மரியாதை,
பாக்கிக்காரி வாயில் பிச்சை.
அடித்தாள்.

'இம்ப்ளோர்' என்ற சொல்லின் அடியில்
லத்தீன் அழுகை இருக்கிறதாம்.
அழாத கண்ணோடு அதை எழுதினால்
கள்ளக் கையெழுத்து மாதிரி.
கடைசியாக அவள் அழுதது
டெர்மட் போனபோது அல்ல,
ஜனவரியில் கொதிகலன் பழுதானபோது.

'பிசீச்'.
தேடு என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு 'பி' ஒட்டியிருக்கிறது, அவ்வளவே.
தேவாலயத்துக்குச் சரி,
அங்கே முட்டிக்கு மெத்தை உண்டு.
'சப்ளிகேட்' மடிப்பிலிருந்து வந்தது,
முழங்கால் மடிப்பு.
இந்த இடுப்பை வைத்துக்கொண்டு
போர்வையை மடிப்பதே பெரும்பாடு.

'கிரேவ்' மட்டும் அவளை நிறுத்தியது.
ஒரு காலத்தில்
உரிமையோடு கேட்பதற்கு அந்தச் சொல்.
இப்போது சாக்லெட்டுக்கு ஏங்குவதற்கு.
இடையில் எந்த நூற்றாண்டில்
உரிமை பசியாய்ப் போனதென்று
அகராதி சொல்லவில்லை.
பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தாள்.

'பிளீட்' என்பதன் வேரில்
பிடித்தது, இசைந்தது என்று பொருள்.
கேட்பவளுக்குப் பிடித்தது அல்ல.
'ப்ளீஸ்' அதன் கூடப் பிறந்த தங்கை,
தேநீர்க்கடைவரை போய்வருகிறது.
இதைத் தமிழில் எழுதும் எனக்கோ
மன்றாடு என்ற சொல் குறுக்கே வருகிறது.
உள்ளே ஒரு மன்று இருக்கிறது,
ஆட வேண்டியவளும் இருக்கிறாள்.
பார்த்திருப்பவர் யாரென்று
சொல்லுக்குள் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பது.
மீன் வாடை போக இருமுறை குளித்து
அதன்மேல் வாசனைத் தைலமும் பூசி
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
வீட்டுக்காரரின் வக்கீல் சின்னப் பையன்,
காலரில் விலைச்சீட்டின் நூல்.
வீட்டைத் திரும்பப் பெற
என் கட்சிக்காரர் 'சீக்' செய்கிறார் என்றான்.
அதே சொல்தான்.
முன்னால் அந்த 'பி' இல்லை,
அதனால் நிமிர்ந்து நிற்கிறது.

மூன்று நிமிடம் ஆகவில்லை.
வேறேதும் சொல்ல வேண்டுமா, திருமதி வாட்ஸ்லி?
பைக்குள் ஐந்தாவது வரைவு
நான்காய் மடிந்து கிடந்தது.
"பையன் பரீட்சை
ஜூன் பத்தொன்பதாம் தேதி முடியுது" என்றாள்.
"அதுவரைக்கும்."

கேட்பதற்கான சொல்
ஒன்றுகூட அதில் இல்லை.
நீதிபதி நாட்காட்டியைப் பார்த்தார்.
பேனா மூடியைக் கடித்தார்.
ஜூன் இருபது என்று எழுதினார்.
அந்த ஒரு நாள் எதற்கென்று
அவரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம்.
ஜன்னலோரம் ஒரே ஓர் இடம்,
வழியில் யாரோ ஒருவரின் கால்கள்.
'பெக் யுவர் பார்டன்' என்றாள்.
செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே
அந்த ஆள்
முழங்காலை மடக்கிக்கொண்டார்.